பட்டறை மூலையும் டிரில் பிட்டுகளும்

காது குடைவதற்கு உலகத்தில் எத்தனையோ வழி இருக்கிறது. கோழி இறகு இருக்கிறது, தீக்குச்சி இருக்கிறது, ஒன்றும் இல்லாவிட்டால் கடவுள் கொடுத்த சுண்டுவிரல் இருக்கிறது. எங்கள் பட்டறையில் கிரில் வெல்டிங் செய்துகொண்டிருந்த ஆளுக்கு மட்டும் அதெல்லாம் போதாது. என் வீட்டுக்காரரின் இரண்டு எம்.எம். டிரில் பிட்டால்தான் குடைவான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கோணிக்கொண்டு, சுகமாகத் திருகித் திருகி எடுப்பான். நான் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவசர அவசரமாக லுங்கியில் துடைத்து, பெட்டியில் அதற்குரிய துளையில் செருகிவிட்டு, "வாங்க அண்ணி" என்பான். அதை மறுபடியும் வெளியே எடுத்து, கழுவி, அளந்து, எண்ணெய் தடவி வைக்க வேண்டியவள் நான். அந்தப் பிட்டின் சுருள் பள்ளத்தில் என்ன ஒட்டியிருக்கும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. கர்மம்.

பட்டறை என்று நாங்கள் சொன்னது வலங்கைமானிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில், மூடிப்போன ஒரு ரைஸ் மில்லின் பழைய நெல் குடோன். தகரக் கூரை. மழை பெய்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முன்பக்கம் இந்தக் கிரில்காரன். இடது பக்கம் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். அவர் வயதில் மூத்தவர், என்னைத் தங்கச்சி என்பார், என் வீட்டுக்காரரை மாப்ள என்பார். பின்பக்க மூலை எங்களுடையது. அங்கே என் வீட்டுக்காரரின் டிரில்லிங் மெஷின் நின்றது. டிராக்டர் சாமான், பவர் டில்லர் சாமான், அறுவடை மெஷின் சாமான் என்று எதில் ஓட்டை போடுவதென்றாலும் சுற்றுவட்டத்தில் அவரிடம்தான் வருவார்கள்.

அது எங்கள் பக்கத்தில் ஆளாளுக்குப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த காலம். தாராளமயம் என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வயலுக்கு நடுவே திடீர் திடீரென்று முளைத்த பச்சையும் ரோஸுமான மாடி வீடுகள்தான். மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகள் துபாய்க்கும் சவூதிக்கும் போய், அங்கிருந்து ஜன்னலுக்குத் தாமரைப்பூ வைத்த கிரில், கேட்டுக்கு மயில் வைத்த கிரில் என்று சொல்லியனுப்பினார்கள். கிரில்காரனுக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்தக் கேட்டுகளுக்கெல்லாம் ஓட்டை போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்த என் வீட்டுக்காரருக்கும் ஒருநாள் ஆசை வந்துவிட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

திருச்சி விமான நிலையத்து வாசலில் நின்றுகொண்டு அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ரெண்டு அக்ரிமென்ட்டு முடிச்சுட்டு வந்துருவேன். வந்தா அந்த மூலைதான் எனக்கு. அத விட்டுட்டா மறுபடி சேத்துக்க மாட்டானுங்க. மூலைய பாத்துக்க."

உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை, அழாதே என்று சொல்லவில்லை. எனக்கு அது வருத்தமாகவும் இல்லை. மூலை இருந்தால் மனுஷன் திரும்பி வருவார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வந்தபிறகு உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடம் இல்லாவிட்டால், விடுமுறைக்கு வந்து விடுமுறைக்கு வந்து போகிற ஆளாகவே கடைசிவரை இருந்துவிடுவார். எங்கள் தெருவிலேயே அப்படி நாலு பேர் இருந்தார்கள். அவர்களுடைய பெண்டாட்டிகள் கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு, சாயங்காலமானால் வாசலில் நின்று போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஐந்தாவதாக நிற்க எனக்கு இஷ்டமில்லை.

மெஷின் சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும் என்பதால் மற்ற இரண்டு பேரும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. வாடகையில் எங்கள் பங்கை நான் கொடுத்துவந்தேன். முதல் விடுமுறைக்கு வந்துவிட்டுப் போனபிறகு அவர் ஓர் ஆளிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினார். பச்சை நிற இரும்புப் பெட்டி. திறந்தால் உள்ளே படி படியாக எழும்பி நிற்கும். ஒவ்வொரு படியிலும் துளைகள். துளைக்கு ஒரு பிட். ஒரு எம்.எம்.மில் தொடங்கி அரை அரையாக ஏறிப் பதின்மூன்று வரை. கூடவே பிட்டின் பருமனை அளக்கிற வெர்னியர் ஒன்று. வெள்ளிப் பாத்திரம் மாதிரி அப்படி மின்னியது. எனக்கு அதைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும் போல இருந்தது. அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

அந்தக் காலத்தில் அங்கே போனவர்கள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். பெட்டிக்குப் பின்னால் வந்த கேசட்டில் சொன்னார்: "பெட்டி பட்டறையிலதான் இருக்கணும். சாமான் இருந்தாத்தான் எடம் நம்ம எடம். சாமான் கலந்துபோச்சுன்னா எடமும் கலந்துபோன மாதிரிதான், நீ போய் ஒண்ணும் கேக்க முடியாது. வாரத்துக்கு ஒருக்கா போய் எது எது எங்க இருக்குன்னு பாத்து வெச்சிரு." அதற்குப் பிறகு வெர்னியரை எப்படிப் பார்ப்பது என்று ஒரு பக்கம் முழுக்கச் சொல்லியிருந்தார். தண்டை அளக்காதே, முனைக்குப் பக்கத்தில் இரண்டு விளிம்புக்கும் குறுக்கே பிடி. மேலே முழு எம்.எம். படி. அப்புறம் கீழே இருக்கிற பொடிக் கோடுகளில் எந்தக் கோடு மேல் கோட்டோடு நேராக நிற்கிறதோ அதைப் படி. நடுவில் யாரோ இருமுகிற சத்தம், பாத்திரம் கழுவுகிற சத்தம். நான் அடுப்பு மேடையில் டேப்பை வைத்துக்கொண்டு, ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி, வீட்டிலிருந்த தாழ்ப்பாள் கம்பி, தையல் ஊசி, தாலிச் சங்கிலிக் கொக்கி எல்லாவற்றையும் அளந்து பழகினேன். புருஷன் அனுப்பிய கேசட்டில் ஆசையாக என்ன பேசினார் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். என்ன சொல்ல!

சனிக்கிழமை சனிக்கிழமை பட்டறைக்குப் போவேன். அந்தக் கண்றாவியை எப்படிச் சொல்வது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் இருக்க வேண்டிய பிட்டுகளில் பாதி பெட்டியில் இருக்காது. மெஷினுக்குக் கீழே ஒரு பால் பவுடர் டின் உண்டு. எல்லாம் அதில் கிடக்கும். ஓட்டை போடும்போது பிட் சூடாகாமல் இருக்க எண்ணெய் விட வேண்டும். அதற்கென்று ஓர் எண்ணெய் கடையில் கிடைக்கிறது. இவர்கள் பக்கத்து டீக்கடையில் பஜ்ஜி போட்டு மிஞ்சிய எண்ணெயை வாங்கி விடுவார்கள். இரும்பு தீய்கிற நாற்றமும் வாழைக்காய் தீய்கிற நாற்றமும் சேர்ந்து எழும்பும். அந்த எண்ணெய் டின்னுக்குள் வடிந்து, இரும்புச் சுருளும் பீடித்துண்டும் செத்த கரப்பானும் அதில் ஊறி, கருப்பாக, கொழகொழவென்று கிடக்கும். அதற்குள் கைவிட்டுத்தான் எங்கள் பிட்டுகளை நான் எடுக்க வேண்டும். கையில் கேரி பேக்கை மாட்டிக்கொண்டு எடுப்பேன். அந்தப் பையைப் பிட் முனை குத்திக் கிழித்துவிடும். நகக்கண்ணில் ஏறிய கருப்பு சீயக்காய்க்கும் போகாது, புளிக்கும் போகாது. அந்தக் கையால் சோறு பிசைந்து வாயில் வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

மோட்டார்காரர் வெற்றிலை போடுவார். எச்சிலை வெளியே போய்த் துப்பலாம், பத்தடி தூரம்தான். போகமாட்டார். எங்கள் மெஷினுக்குப் பின்னால் சுவரோரமாகத் துப்புவார். எங்கள் மூலையில்தான் அவருக்குத் துப்பத் தோன்றும். கேட்டால், "தெரியாமப் பண்ணிட்டேன் தங்கச்சி" என்பார். வாராவாரம் தெரியாமல் பண்ணுவார்.

கழுவி எடுத்தால் அடுத்த தலைவலி. பிட்டின் தண்டில் அளவு பொறித்திருக்கும். மெஷினில் பிட்டைக் கவ்வுகிற 'சக்'கைச் சாவி போட்டு இறுக்கினால் அது அப்படியே இருக்கும். இவர்கள் சோம்பேறித்தனமாகக் கையால் திருகிவிட்டு ஓட்டுவார்கள். பிட் உள்ளே வழுக்கிச் சுற்றி, பொறித்த எழுத்தெல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் அளந்துதான் ஆக வேண்டும். கூடவே இவர்களுடைய பிட்டுகளும் அதே டின்னில் கிடக்கும். இவர்களுக்கு எம்.எம். கணக்குக் கிடையாது, நூல் கணக்குதான். ஓர் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஒரு நூல் ஓட்டை, ரெண்டு நூல் ஓட்டை என்றுதான் கொத்தனாரிலிருந்து ஆசாரி வரை எல்லாரும் பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். ரெண்டு நூல் பிட்டை எடுத்து எங்கள் ஆறரைத் துளையில் செருகிவிட்டு, எங்கள் ஆறரையைக் கிரில்காரன் தன் டப்பாவில் போட்டுக்கொள்வான். பெட்டியைத் திறந்து பார்த்தால் நிறைந்திருக்கும். அளந்து பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். ஒருமுறை நாலரை இருக்க வேண்டிய துளையில் ஆணியைச் செருகி வைத்திருந்தான். தலையை வெட்டிவிட்டு, நன்றாக எண்ணெய் தடவி!

"இது என்னடா?"

"பிட்டுதான் அண்ணி."

"பிட்டா? முறுக்கே இல்ல?"

"தேஞ்சுபோயிருக்கும் அண்ணி."

கேட்டுக்கொண்டிருந்த மோட்டார்காரர் வாய்நிறைய வெற்றிலையோடு சிரித்ததில், எச்சில் மோட்டார் மேலேயே தெறித்தது. "கலெக்டரம்மா இன்ஸ்பெக்‌ஷன் வந்துட்டாங்கடோய்" என்று கிரில்காரனும் ஆரம்பித்தான்.

"நான் கலெக்டரா இருந்தா மொதல்ல ஒன் காதத் தூர்வாரச் சொல்லியிருப்பேன். இந்த வாய்க்காலெல்லாம் அப்புறம்" என்றேன். அதற்கும் சிரித்தான். வெட்கம் மானம் இருந்தால்தானே.

இந்தக் கூத்துக்கு நடுவே மோட்டார்காரர் ஒரு வேலை பார்த்தார். அவருடைய மருமகனுக்கு வேலை இல்லை. நடவுக்குப் போகப் பிடிக்காது, வெளிநாடு போகப் பயம். அவனைக் கொண்டுவந்து பட்டறையில் உட்காரவைத்தார். அவனுக்கென்று ஒரு பெஞ்சு வந்தது. முதலில் அவர் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை பார்த்தால் அதன் ஒரு கால் எங்கள் பக்கம் இருக்கிறது. நான் தள்ளி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு கால். மறுபடியும் தள்ளி வைத்தேன். நான் வருகிறேன், பெஞ்சைத் தள்ளுகிறேன், டின்னைக் கவிழ்க்கிறேன், அளக்கிறேன், போகிறேன். பெட்டி நிறைந்திருக்கிறவரை அவர்களால் எங்களை அசைக்க முடியாது என்று நான் நம்பினேன். என் வீட்டுக்காரரின் இரண்டாவது அக்ரிமென்ட் முடிய அந்த வருஷக் கார்த்திகைதான் கெடு. ஆடி போனது, ஆவணி போனது. புரட்டாசியில் வந்த கேசட்டிலும் கடைசியாக அதே வார்த்தைதான்: மூலைய பாத்துக்க.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எனக்கு வீட்டுக்கு விலக்கு. பட்டறைப் பக்கம் போகக்கூடாது. காது அழுக்கு ஒட்டிய பிட்டு சாமிக்கு ஆகும், நான் ஆகமாட்டேன். சரி, நாலு நாள்தானே, மெஷினுக்குப் பொட்டு வைத்து மாலை போடுவார்கள், போடட்டும் என்று வீட்டில் இருந்துவிட்டேன்.

தலைக்கு ஊற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், எங்கள் பச்சைப் பெட்டி காலியாகக் கிடக்கிறது. டின்னும் காலி. கிரில்காரனின் டப்பாவும் காலி. எல்லாப் பிட்டுகளையும் ஒன்றாகக் கொட்டி ஒரு தாம்பாளத்தில் பரப்பி, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். வைத்தவர்கள் கழுவியாவது வைத்தார்களா? அந்தப் பஜ்ஜி எண்ணெய் மேலேயே சந்தனத்தைக் கரைத்துத் தெளித்து, குங்குமத்தைக் கொட்டி, மேலே பொரி, பொட்டுக்கடலை, வெல்லம். நடுவில் மழை வேறு. தகரத்து ஒழுக்கு தாம்பாளத்தில் சொட்டி, வெல்லம் கரைந்து பாகாகி, பிட்டோடு பிட் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பொரி ஊறிப்போய் வெள்ளைப் புழு மாதிரி பள்ளங்களில் நெளிந்தது. அதன்மேல் எறும்பு. எறும்புக்குக் கீழே துரு. ஊசிப்போன வாடை வாசல்வரை வந்தது. சாமி கும்பிட்ட இடம் என்பதால் மூக்கைப் பொத்தக்கூடாது என்று நினைத்தேன். பொத்தித்தான் நின்றேன்.

"யாரு இந்த வேலையப் பாத்தது?"

"எல்லாம் சேந்துதான் தங்கச்சி" என்றார் மோட்டார்காரர். "ஒண்ணா வெச்சுக் கும்புட்டோம். நல்லா அமைஞ்சுது பூசை."

"சரி. கும்புட்டாச்சுல்ல. எங்களுத எடுத்துக்கிறேன்."

அவர் சுண்ணாம்பை விரலில் எடுத்து வெற்றிலையில் தடவிக்கொண்டே இருந்தார்.

"சாமிக்கு முன்னால ஒண்ணா வெச்சத இது ஒன்னுது, இது என்னுதுன்னு பிரிக்கக் கூடாதும்மா. பட்டறைக்கு ஆகாது."

"இது எப்பலேர்ந்து?"

"சாஸ்திரம் அப்படித்தான். பொதுவா இருக்கட்டுமே. மாப்ள வரட்டும், பேசிக்கலாம்."

"அவரு வர்றதுக்குத்தாண்ணே நான் பிரிக்கிறேன்!" என்று கத்திவிட்டேன். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இடத்தைப் பிடுங்குவதற்குச் சாமியைக் கூட்டாளி சேர்க்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துப்பியதைப் பொறுத்துக்கொண்டேன், ஆணியைப் பொறுத்துக்கொண்டேன், பெஞ்சைத் தள்ளித் தள்ளி வைத்தேன். இதை விட்டால் கார்த்திகையில் அவர் வந்து எங்கே நிற்பார்?

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். சாக்கை விரித்தேன். ஒரு போகணியில் மண்ணெண்ணெய் ஊற்றி, தாம்பாளத்தை அப்படியே அதில் கவிழ்த்தேன். பொரியும் எறும்பும் மேலே மிதந்தன. கேரி பேக்கை மாட்டிக்கொண்டால் வெர்னியரைப் பிடிக்க முடியாது என்று வெறுங்கையாலேயே அள்ளினேன். வெல்லப்பாகும் சந்தனமும் பழைய எண்ணெயும் சேர்ந்து விரலிடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டியது. எறும்பு முழங்கைவரை ஏறிக் கடித்தது. பனியன் வேஸ்ட்டால் ஒவ்வொன்றாகத் துடைத்து, பள்ளத்தில் ஒட்டியதைத் துடைப்பக்குச்சியால் நோண்டி எடுத்து, அளந்தேன். அளந்ததை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"ஆறு புள்ளி மூணு அஞ்சு. இது ரெண்டு நூலு. ஒங்களுது, எடுத்துக்கங்க." தூக்கி அவர்கள் பக்கம் போட்டேன். "ஆறு புள்ளி நாலு அஞ்சு. இது தேஞ்சுபோன ஆறரை. எங்களுது. பன்னெண்டு புள்ளி ஏழு, அரை இஞ்சு, ஒங்களுது. பன்னெண்டரை, எங்களுது."

மூன்று நூலும் எங்கள் ஒன்பதரையும் மட்டும் ஏறக்குறைய ஒன்று. எந்த வெர்னியரை வைத்தும் என்னால் பிரிக்க முடியவில்லை. அதில் முனை நன்றாக இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

காலையில் உட்கார்ந்தவள், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகிற நேரத்துக்குத்தான் எழுந்தேன். அவர்கள் அன்றைக்கு வேலையே பார்க்கவில்லை. மோட்டார்காரர் வெளியே போய்விட்டார். கிரில்காரன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் வாயில் ஒரு கேலிகூட வரவில்லை. கடைசியில் தன் வெல்டிங் பெட்டிக்கு அடியிலிருந்து எங்கள் ஐந்தரையை எடுத்து, துடைத்து, என் கையில் கொடுத்தான். "இதுவும் ஒங்களுதுதான் அண்ணி" என்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைசியில் இவனுக்கே சூடு சொரணை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பெட்டி நிறைந்தது. பெஞ்சை அதன் இடத்துக்குத் தள்ளினேன். அடுத்த வாரமே போய் மூலைச் சுவரில் எச்சில் கறையைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்தேன்.

கார்த்திகையில் அவர் வந்தார். பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, கம்பளி, சென்ட் வாசனை. மூன்று நாள் சொந்தக்காரர் வீடெல்லாம் சுற்றினோம். நாலாம் நாள் காலை, "வாங்க, பட்டறைக்குப் போலாம்" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாளாக எனக்கு அதே நினைப்பு. வெள்ளையடித்த சுவரைப் பார்த்து என்ன சொல்வார், பெட்டியைத் திறந்து என்ன சொல்வார் என்று.

பட்டறையில் ஒரே உபசாரம். டீ வந்தது, பஜ்ஜி வந்தது. நான் பஜ்ஜியைத் தொடவில்லை. மூலையைக் காட்டினேன். பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் ஒரு பிட்டை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பரவால்லயே! புதுசாட்டமே வெச்சிருக்கா பாருங்க" என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அப்புறம் பெட்டியை மூடி, அப்படியே தூக்கி மோட்டார்காரரிடம் நீட்டினார். "இந்தாங்கண்ணே. மருமவன் கையில குடுங்க. பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவங்ககிட்ட குடுத்துட்டு நீங்க எத வெச்சு வேல பாப்பீங்க?" என்றேன்.

"நான் எங்க இங்க ஒக்காரப் போறேன்?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பஜ்ஜியை மென்றுகொண்டே. "விசா புதுப்பிச்சாச்சு. ஆடியிலயே போன் பண்ணி அண்ணங்கிட்ட சொல்லிட்டேனே, மூலைய மருமவனுக்கு வெச்சுக்கங்கன்னு."

நான் மோட்டார்காரரைப் பார்த்தேன். அவர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கிக்கொள்ளவும் முடியாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் நின்றார். "மாப்ளதான் சொல்ல வேணாம்னாரு தங்கச்சி. வந்து தானே சொல்லிக்கிறேன்னாரு" என்றார். கிரில்காரன் வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். வெல்டிங் எதுவும் ஓடவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் எறும்புக்கடியோடு உட்கார்ந்து ஆறரை, ஏழு, ஏழரை என்று கூவிக்கொண்டிருந்தபோது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடந்தோம். தண்ணீர் நிறைந்து ஓடியது, சம்பா பச்சையாக நின்றது. அவர் பேசிக்கொண்டே வந்தார். ஒன்கிட்ட சொன்னா அழுவ, அதான் சொல்லல என்றார். புரட்டாசி கேசட்டுலகூட மூலைய பாத்துக்கன்னு சொன்னீங்களே என்று கேட்டேன். "சும்மா, ஒனக்கு ஒரு பிடிமானமா இருக்கட்டும்னுதான்" என்றார். சனிக்கிழமைகளில் நான் செய்ததெல்லாம், எனக்குப் பொழுது போகட்டும் என்று அவர் கொடுத்த வேலை. அடுத்த லீவுக்குள் மாடி எடுத்துவிடலாம், முன்பக்கம் முழுக்க கிரில், மயில் வைத்து, அவனையே போடச் சொல்லலாம் என்றார். அவர் கையில் இன்னும் பஜ்ஜி எண்ணெய் பளபளத்தது. அந்தக் கையை என் தோளில் போட்டார்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மதகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, குடித்த டீயெல்லாம் வாந்தியெடுத்தேன். கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. அவர் பதறிப்போய்க் குனிந்து என் முதுகைத் தடவினார். அப்புறம் அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"என்னடி, ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார்.

வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.